வலயநகரின் வேர்ச்சொல் வகுப்பு

நேற்று விட்ட மூச்சை இன்று காலையில் காய்ச்சிக் குடிப்பது தணிகாசலத்துக்குப் பழகிப்போன விஷயம். வியாழனின் நிலவான கலிஸ்டோவில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எல்லாரும் என்று சொல்ல இப்போது அவன் ஒருவன்தான் மிச்சம். தூங்கும்போது அவன் விட்ட மூச்சின் ஈரம் அறைக்கூரையில் பனியாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டி வடிகட்டியில் போட்டால் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர். வெளியே மலை மலையாகப் பனி கிடந்தாலும் அதில் உப்பும் அமோனியாவும் கலந்திருந்தன. அது கப்பல்களுக்கு எரிபொருள் தயாரிக்கத்தான் ஆகும், தேநீருக்கு ஆகாது.

அந்தப் பனியை வெட்டி எடுக்கும் கிணற்றுக்குத்தான் அவன் காவல். முன்பு நாற்பது குடும்பங்கள் இருந்த இடம். கிணறுகளைத் தானியங்கியாக மாற்றிய பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போனது. கடைசியாகப் போனவள் அவன் மனைவி குழலி. அவள் தாவர வைத்தியர். செவ்வாயைச் சுற்றும் வலயநகரில், மண்ணில்லாமல் வளரும் பயிர்களுக்கு வரும் நோய்களைப் பார்க்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஒரு வருஷத்துல நீங்களும் வந்துடுவீங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வலயநகருக்குள் நுழைய ஆங்கிலம் வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. காதுக்குப் பின்னால், எலும்புக்கு அடியில், அரிசிமணி அளவுக்கு ஒரு மொழிச்சில்லைப் பதிப்பார்கள். மறுநாள் காலையில் ஆங்கிலம் வந்துவிடும். தணிகாசலத்தின் உடம்பு அதை ஏற்கவில்லை. பரிசோதனைக்கு வைத்த துண்டுக்கே கழுத்து வரை வீங்கிக் காய்ச்சல் கண்டது. சில்லு பொருந்தாதவர்களுக்கு விதிமுறையில் ஒரு பழைய வழி இருந்தது. நாவுத் தேர்வு என்று அதற்குப் பெயர். ஆங்கிலச் சொற்களைச் சொந்த மூளையால் கற்று, சொந்த வாயால் சொல்லித் தேற வேண்டும்.

முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு படித்தான். அகராதியின் முதல் எழுத்திலிருந்து மனப்பாடம் செய்தான். இரண்டாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்தது. சரக்குக் கப்பலில் வந்த தேர்வு இயந்திரம் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, அடுத்த கப்பலில் முயற்சி செய்யும்படி சொல்லிவிட்டுப் போனது. அடுத்த கப்பல் ஒன்றரை வருடம் கழித்து.

அவனுக்குத் துணை ஒரு பழுது பார்க்கும் ரோபோ. ஆறு காலில் நடக்கும். எது உடைந்தாலும் யார் உடைத்தது என்பது வரை அறிக்கை கொடுக்கும். அதனால் பழைய ஊழியர் யாரோ ஏட்டையா என்று பெயர் வைத்திருந்தார்கள். தணிகாசலம் சோர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு நாள், நிலையத்தின் பழைய சேமிப்பைத் துழாவிவிட்டு ஏட்டையா வந்து நின்றது.

“ஐயா, இங்கிலீஷ் சொல்லையெல்லாம் முழுசா முழுங்க வேண்டாம். அதுல பாதி லத்தீன்லேர்ந்து வந்தது. வேரைப் பிடிச்சாப் போதும்னு ஒரு பாடம் இருக்கு.”

“வேரா?”

“போர்ட்டுன்னா சுமக்கிறது. டிரான்ஸ்னா குறுக்கே, அந்தப் பக்கம். டிரான்ஸ்போர்ட்டுன்னா?”

“அந்தப் பக்கம் சுமந்துட்டுப் போறது.”

“எக்ஸ்னா வெளியே.”

“எக்ஸ்போர்ட். வெளியே சுமக்கிறது.” தணிகாசலம் நிமிர்ந்தான். “ரிப்போர்ட்? ரீன்னா திரும்ப. திரும்பச் சுமந்துட்டு வர்றதா? நடந்ததைச் சுமந்துட்டு வந்து சொல்றது! ஏட்டையா, இது உங்க வேலைதான்.”

அன்றைக்கு அவன் நெடுநாள் கழித்துச் சிரித்தான்.

அதன் பிறகு வேலைக்கு நடுவே இதுதான் பேச்சு. துளைப்பானின் பல் முறிந்தால், “ரப்ட்” என்பான். உடைதல். இன்ட்டரப்ட், நடுவே உடைப்பது. எரப்ட், உடைத்துக்கொண்டு வெளியே வருவது. வெற்றிடப் பம்பைத் துடைக்கும்போது “வேக்” என்பான். காலி. வேக்யூம், வேகன்ட். இவாக்குவேட், காலி செய்து வெளியேறுவது. ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது. ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார்ப்பது. ஒரு மனிதரைத் திரும்பிப் பார்த்தால் அது மரியாதை. லத்தீன் பேசியவர்கள் கெட்டிக்காரர்கள் என்று தோன்றியது. தமிழிலும் செல் என்ற ஒன்றிலிருந்து செலவும் செல்வாக்கும் செலுத்துவதும் வருவதை அப்போதுதான் கவனித்தான். ஆனால் தமிழுக்குத் தேர்வு எதுவும் இல்லாததால் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

வோக் என்றால் கூப்பிடுவது என்று தெரிந்த நாளில் மட்டும் பாடத்தைச் சீக்கிரமே மூடி வைத்தான். அவனைக் கூப்பிட யாரும் இல்லை. குழலியோடு நேரடியாகப் பேச வழியில்லை. ஒளி போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினால் பதில் வரும். அதனால் இருவரும் பேசிப் பதிந்து அனுப்பிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் குழலியின் பதிவுகள் நீளமாக இருந்தன. வெண்டைக்குப் பூஞ்சை வந்தது, பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது என்று மூச்சு விடாமல் பேசுவாள். பிறகு சுருங்கின. “நல்லா இருக்கேன். சாப்பிட்டீங்களா? வச்சிடறேன்.” பிறகு படங்கள் மட்டும். இலைகள், ஜன்னல், கையசைத்துச் சிரிக்கும் குழலி.

“வேலை ஜாஸ்தி போல இருக்கு,” என்றான் தணிகாசலம்.

“இருக்கலாம் ஐயா,” என்றது ஏட்டையா. அதற்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

அடுத்த கப்பல் வந்தபோது அவன் தயாராக இருந்தான். தேர்வு இயந்திரம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. இரண்டு மணி நேரம் கேட்டது. கேள்விக்குப் பதில் பறந்தது. கேள்விப்படாத சொல்லைக்கூடப் பிரித்துப் போட்டுப் பொருள் சொன்னான். ஒரே இடத்தில் இடறினான்.

“கன்சோல்,” என்றது பெட்டி.

“கன் என்றால் கூட. சோல் என்றால் தனி. சாலிட்டரி, டெசலேட், அதே வேர். ஆகவே, தனியாக இருப்பவரோடு கூடச் சேர்ந்து தனியாக இருப்பது.”

“தவறு. அது வேறு வேர். தேற்றுவது என்று பொருள்.”

“ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கா?”

“தேர்வில் இருக்கிறது,” என்றது பெட்டி. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுத் தேர்ச்சி என்று அறிவித்தது.

கப்பலின் தலைவி பர்வீன் அவன் பெட்டியை ஏற்ற உதவினாள். அவள் காதுக்குப் பின்னால் சில்லின் தழும்பு இருந்தது. “இவ்வளவு நல்லாப் படிச்சிருக்கீங்க,” என்று ஆரம்பித்தவள், எதையோ சொல்ல வந்து, “சரி, போய்ப் பாருங்க,” என்று முடித்துக்கொண்டாள். ஏட்டையா வாசல் வரை ஆறு காலில் வந்து நின்றது. தணிகாசலம் அதன் முதுகைத் தட்டினான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாதக் கணக்கில் பயணம். வலயநகரின் வரவேற்புக் கூடத்தில் கால் வைத்ததும் தன் காது அடைத்துவிட்டதாக நினைத்தான். ஆயிரம் பேர் இருந்தார்கள். வந்தவர்கள், அழைத்துப்போக வந்தவர்கள், குழந்தைகள். கேட்டதெல்லாம் செருப்புச் சத்தம் மட்டும். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், சிரித்தார்கள். ஒரு வாயும் திறக்கவில்லை.

குழலி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பிறகு விலகி நின்று, அவன் முகத்தையே ஆவலாகப் பார்த்தாள். அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். திடீரென்று அவள் முகம் மாறியது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்தது.

“வந்...” என்றாள். தொண்டை கரகரத்தது. “வந்துட்டீங்களா.”

மனதுக்குள் பேசிவிட்டுப் பதிலுக்காக நின்றிருக்கிறாள் என்பது அவனுக்கு அப்புறம்தான் புரிந்தது. மொழிச்சில்லு முதலில் ஆங்கிலம் தருவதற்காக வந்ததுதான். போகப்போக, தலைக்குள் தயாராக இருக்கும் வாக்கியத்தை வாய்க்குக் கொண்டுவந்து, காற்றில் விட்டு, இன்னொருவர் காது வழியே மறுபடி தலைக்குள் அனுப்புவது எதற்கு என்று மக்களுக்குத் தோன்றிவிட்டது. சில்லிலிருந்து சில்லுக்கு நேராக அனுப்பினார்கள். உள்பேச்சு என்றார்கள். அதில் சொற்கள்கூட அதிகம் தேவைப்படவில்லை. கருத்தை அனுப்பினால் கருத்து போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த நகரத்தில் ஆங்கிலமும் யாரும் பேசுவதில்லை, வேறெதுவும் பேசுவதில்லை.

தணிகாசலத்துக்கு நம்பிக்கை வரவில்லை. குடியேற்ற அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த அதிகாரி அவன் வாய் அசைவதைப் பார்த்துத் திடுக்கிட்டு, உள்ளறையிலிருந்து ஒலிபெருக்கி வைத்த ஒரு கருவியைத் தூசி தட்டி எடுத்து வந்தார். கருவிதான் அவருக்காகப் பேசியது.

“யாருமே பேசாத ஊருக்கு எதுக்கு சார் பேச்சுத் தேர்வு?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“இது ஆங்கிலம் பேசும் நகரம் என்று விதியில் இருக்கிறது.”

“யார் பேசறாங்க?”

அதிகாரி யோசித்தார். “நீங்கள் பேசுகிறீர்களே,” என்றது கருவி.

வீட்டிலும் அதே கதைதான். குழலி முயற்சி செய்யாமல் இல்லை. காலையில், “தூங்கினீங்களா,” என்பாள். அதற்குள் நெற்றி வியர்க்கும். அக்கம்பக்கத்தினர் சாப்பிட வருவார்கள். மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் குலுங்கிச் சிரிப்பார்கள். தணிகாசலமும் கொஞ்சம் தாமதித்துச் சிரிப்பான். ஒரு தடவை அவன் துணிந்து, அழகான ஆங்கிலத்தில், பருவநிலை பற்றி ஒரு நீண்ட வாக்கியம் சொன்னான். விருந்தாளிகள் சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பலர் நடுவில் ஏப்பம் விட்டவனைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் திண்டாடுவது போல இருந்தது அது. குழலியின் காது சிவந்தது.

கலிஸ்டோவில் அவனோடு பேசுவதற்கு யாரும் இல்லை. இங்கே அவனோடு பேசுவதற்கு முப்பதாயிரம் பேர் இல்லை.

அவள் வேலைக்குப் போனதும் அவன் நடப்பான். அந்த நகரத்துச் சுவர்களில் ஒரு பெயர்ப்பலகை கிடையாது, ஒரு அம்புக்குறி கிடையாது. எங்கே திரும்ப வேண்டும் என்று சில்லு சொல்லிவிடும். சில்லில்லாத தணிகாசலம் முதல் வாரம் முழுக்கத் தொலைந்து போனான். பிறகு சுவரின் கீறல், குழாயின் துரு, ஒரு தாழ்வாரத்தில் மட்டும் வரும் வெங்காய வாடை என்று அடையாளம் பிடித்துக்கொண்டான். சில மாதங்களில் அந்த வலயத்தின் ஒவ்வொரு சந்தும் அவன் காலுக்குத் தெரிந்தது. வேறு எதுவும் செய்ய இல்லாத மனிதனுக்கு வரும் ஞானம்தான் அது.

சூரியப் புயல் வந்தது ஒரு மதிய வேளையில். வருவது முன்பே தெரிந்ததுதான். வழக்கமாகச் சில்லு எச்சரிக்கும், மக்கள் வரிசையாக வலயத்தின் நடுவிலுள்ள காப்புக் கூடத்துக்குப் போவார்கள். இந்தத் தடவை புயல் கணித்ததைவிட வேகமாக வந்தது, வலுவாகவும் வந்தது. மூளைக்குத் தீங்கு வராதிருக்க எல்லாச் சில்லுகளும் ஒரே நொடியில் தாமாக அணைந்துகொண்டன.

தணிகாசலம் அப்போது கடைத்தாழ்வாரத்தில் இருந்தான். நடந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் அப்படியே நின்றார்கள். தலையைத் தட்டிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் தெரியவில்லை. வாய்களைத் திறந்தார்கள். காற்று மட்டும் வந்தது. கதிர்வீச்சு அபாய விளக்குகள் சிவப்பாகச் சுழல ஆரம்பித்தன. ஒரு பெண் குழந்தையை இடுக்கிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள்.

தணிகாசலம் ஒரு மேடைமேல் ஏறினான். இத்தனை வருடம் படித்தது இதற்குத்தான் என்று தோன்றியது.

“இவாக்குவேட்!” என்று கத்தினான். “இமீடியட்லி!”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. பொருள் எல்லாம் சில்லில் இருந்தது, சில்லு அணைந்திருந்தது. அவர்களுக்கு அது வெறும் சத்தம். “புரொசீட் டு தி இன்னர் சேம்பர்!” என்று இன்னும் சிறந்த ஆங்கிலத்தில் முயன்றான். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

அவனுக்கு எரிச்சல் வந்தது. “அட, இந்தப் பக்கம் வாங்கய்யா! வாங்க, வாங்க, சீக்கிரம்!” என்று கையை வீசி வீசிக் கூப்பிட்டுக்கொண்டே கீழே குதித்து ஓடினான்.

அந்தக் குரலில் இருந்த பதற்றமும் அந்தக் கையும் யாருக்கும் புரிந்தன. குழந்தையை வைத்திருந்த பெண் முதலில் ஓடினாள். பிறகு எல்லாரும். வெங்காய வாடைத் தாழ்வாரத்தில் இடது பக்கம், துருப்பிடித்த குழாயில் வலது பக்கம். “வாங்க, வாங்க” என்று கத்திக்கொண்டே அவர்களைக் காப்புக் கூடத்தில் சேர்த்துவிட்டு, மறுபடி வெளியே ஓடினான். அடுத்த தாழ்வாரம், அதற்கடுத்தது. முதலில் வந்த சிலர் வாசலில் நின்றுகொண்டு, “வாங்க! வாங்க!” என்று அவனைப் போலவே கத்தப் பழகிவிட்டார்கள்.

பயிர்த் தாழ்வாரத்தில் வெளிச்சமில்லை. “குழலி!” என்று கத்தினான். பதிலில்லை. “குழலி!”

“இங்க!” என்று ஒரு கிழிந்த குரல் கேட்டது. “இங்க இருக்கேன்! இங்க!”

காப்புக் கூடத்தில் பல மணி நேரம் இருக்க வேண்டியிருந்தது. மக்கள் சிறு சத்தங்கள் செய்து பார்த்தார்கள். முனகினார்கள். யாரோ ஒருவர் தாலாட்டு மாதிரி எதையோ இழுத்தார். குழலி அவன் தோளில் சாய்ந்து உட்கார்ந்து, தமிழில் பேசினாள். முதலில் திக்கித் திக்கி, பிறகு தாகம் எடுத்தவள் மாதிரி.

“முதல்ல நான் வாயாலதான் பேசினேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வெக்கமாப் போச்சு. நிறுத்திட்டேன். அப்புறம் உங்களுக்குப் பேசிப் பதியலாம்னு உக்காந்தா வார்த்தை வரல. நீங்க கேட்டா என்ன நெனப்பீங்கன்னு பயம். அதான் படமா அனுப்பினேன்.”

“நான் உனக்கு வேலை ஜாஸ்தின்னு நெனச்சேன்.”

“என்கிட்ட கோவமா?”

“இல்ல,” என்றான். “பேசு. நீ பேசிட்டே இரு.”

அவள் பேசினாள். கலிஸ்டோவை விட்டுக் கிளம்பியதிலிருந்து சேர்ந்துபோனதையெல்லாம் பேசினாள். புயல் ஓயவே வேண்டாம் என்று தணிகாசலம் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டான்.

புயல் ஓய்ந்தது. சில்லுகள் உயிர் பெற்றன. பாதி வாக்கியத்தில் குழலியின் வாய் மூடிக்கொண்டது. கூடம் முழுக்க அந்தப் பழைய நிசப்தம், தண்ணீர் வடிந்து சமமாவது போல, பரவி நின்றது.

நகரமன்றம் விசாரணை நடத்தியது. ஒருவர்கூடச் சாகவில்லை. காரணம் என்ன? சில்லின் துணையின்றி ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒருவர் இருந்ததுதான் என்று மன்றம் முடிவு செய்தது. தணிகாசலம் எழுந்து, “நான் ஆங்கிலத்தில் கத்தியபோது யாரும் நகரவில்லை. ‘வாங்க’ என்றபோதுதான் வந்தார்கள்,” என்று ஆங்கிலத்தில் விளக்கினான். உறுப்பினர்கள் அவனுடைய உச்சரிப்பை ரசித்துத் தலையாட்டினார்கள். ‘வாங்க’ என்பது எந்த லத்தீன் வேரிலிருந்து வந்தது என்று கருவி மூலம் ஒருவர் கேட்டார். எதிலிருந்தும் இல்லை என்றான். அது குறிப்பில் ஏறவில்லை.

நகரத்தார் அனைவரும் ஆங்கிலத்தை வாயால் பேசக் கற்க வேண்டும், கற்றுத்தரத் தணிகாசலமே தகுதியானவர் என்று தீர்மானம் வந்தது. அவனுக்கு ஒரு கூடம் கொடுத்தார்கள். முதல் நாளே இடம் போதவில்லை. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் வந்தார்கள். பிறக்கப் போகும் குழந்தைக்கு இடம் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். வேர்ச்சொற்களைச் சில்லிலேயே ஏற்றித் தர முடியுமா என்று ஒருவர் கேட்டார். முன்பு தட்டைப் பார்த்துக் குனிந்த அதே விருந்தாளிகள் முன் வரிசையில் உட்கார்ந்து, “போர்ட், டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட்” என்று உரக்கச் சொன்னார்கள்.

இரண்டாவது வாரம், கடைசி வரிசையில் குழலி வந்து உட்கார்ந்தாள்.

அவளைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. காப்புக் கூடத்தில் அறுந்துபோன வாக்கியத்தை முடிக்கத்தான் வந்திருக்கிறாள். அவள் வாய் திறந்து பழகினால் போதும், பிறகு வீட்டில் எல்லாம் சரியாகிவிடும். அன்று வழக்கத்தைவிட உற்சாகமாகப் பாடம் நடத்தினான். குழலி கெட்டிக்காரி. வேகமாகக் கற்றாள். நெற்றி வியர்ப்பது நின்றது. குரலின் கரகரப்பு போய், கலிஸ்டோவில் அவன் கேட்ட பழைய குரல் அப்படியே திரும்பி வந்தது.

ஒரு மாலை இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். தாழ்வாரமெங்கும் இரைச்சல். பெற்றோர்கள் குழந்தைகளிடம், கணவர்கள் மனைவிகளிடம், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு தாய், முதல் மழலையைத் தன் போக்கில் உளறிய குழந்தையின் வாயில் செல்லமாகத் தட்டி, சரியான ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தாள்.

வீட்டுக் கதவு மூடியது. இருவரும் தனியாக இருந்தார்கள். தணிகாசலம் இதற்காக எத்தனையோ காலம் காத்திருந்தான்.

“பசிக்குதா குழலி?” என்றான்.

குழலி திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் ஆள்காட்டி விரலை உயர்த்தி, வேண்டாம் என்பது போல மெல்ல அசைத்தாள்.

“இன் இங்கிலீஷ், ப்ளீஸ்,” என்றாள், ஒவ்வொரு சொல்லையும் ஆசையாக உச்சரித்து. பிறகு, வீட்டிலும் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தால் தனக்கு எப்போதுதான் ஆங்கிலம் வருமென்று, அதையும் ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

தணிகாசலம் அவளையே பார்த்தான். அவள் ஆவலோடு காத்துக்கொண்டிருந்தாள்.

“ஆர் யூ ஹங்ரி?” என்றான்.